கடித்தது யார்?

வெறிபிடித்த நாய் ஒன்று தெருவில் விளையாடும் குழந்தையைக் கடித்துவிடுகிறது. கடித்தது யார் என்று கேட்டால், நாய்தான் என்று எவரும் கூறுவர். ஆனால் அந்த நாயின் உடலுக்குள் நிகழ்ந்திருப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால், இந்த விடை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டின் வடிவம் உடையது. நீளம், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஓர் ஆர்.என்.ஏ. இழை, ஐந்து வகைப் புரதங்கள், மேலே ஒரு கொழுப்புப் போர்வை. இவ்வளவே அதன் உடைமை. அது உண்பதில்லை, சுவாசிப்பதில்லை, தானாக நகரவும் அதனால் இயலாது. அந்தப் போர்வைகூட முன்பு தங்கியிருந்த உயிரணுவின் சவ்விலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

நகர இயலாத ஒன்று, காலில் பட்ட காயத்திலிருந்து மூளைக்கு எப்படிச் செல்கிறது? தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தில், நரம்பு நுனியின் மேற்பரப்பில் அது ஒட்டிக்கொள்கிறது. நரம்பணு அதனைத் தனக்குரிய சரக்காகவே ஏற்று, ஒரு நுண்ணிய பையில் பொதிந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நரம்பிழை நெடுகிலும் நுண்குழாய்கள் தண்டவாளங்கள்போல் நீண்டு கிடக்கின்றன. அவற்றின்மீது டைனீன் என்னும் புரதம், நுனியிலிருந்து அணுவின் மையத்தை நோக்கி இடையறாது சுமை தூக்கிச் செல்கிறது. வளர்ச்சிக்கான செய்திகளும் பழுதடைந்த பொருள்களும் அந்த வழியில்தான் போகின்றன. அந்தச் சுமையோடு சுமையாக வைரஸும் பயணம் செய்கிறது, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் தூரம்.

அணுவுக்குள் போர்வை கழல்கிறது, ஆர்.என்.ஏ. வெளிப்படுகிறது. அணு தன் புரதங்களைச் செய்துகொள்ளும் அதே ரைபோசோம்களில் வைரஸின் புரதங்களும் உருவாகின்றன. 1903-இல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி, நோயுற்ற மூளையின் அணுக்களுக்குள் சிறு சிறு உருண்டைகளைக் கண்டார். அவற்றை ஒட்டுண்ணி என்றே அவர் எண்ணினார். வைரஸின் படிகள் தயாராகும் பட்டறைகள் அவை என்பது இன்று தெரிந்திருக்கிறது. வியப்பு என்னவென்றால், இவ்வளவு நிகழ்ந்தும் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிவதில்லை. இறந்தவரின் மூளையை ஆராய்ந்தால், நோயின் கொடுமைக்கு ஈடான சிதைவு கண்ணில் படுவதில்லை. வீடு இடிக்கப்படவில்லை, விளக்கும் எரிந்துகொண்டிருக்கிறது. ஆட்சி மட்டும் கைமாறிவிட்டது.

பிறகு வைரஸ் நரம்புகளின் வழியே உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. அப்போதே நாயின் குணம் மாறுகிறது; விழுங்க முடியாமல் உமிழ்நீர் வாயில் தேங்குகிறது. ஒரு சதித்திட்டம்போல் எல்லாம் பொருந்தி வருகின்றன. ஆயினும் திட்டமிட்டவர் எவருமில்லை. பரவ முடிந்த படிகள் நிலைத்தன, முடியாதவை மறைந்தன. இதற்கு மேல் அங்கே எந்த நோக்கமும் கிடையாது. வினை இருந்தால் எழுவாய் இருக்கவேண்டும் என்று இலக்கணம் பயின்றவர்கள் நாம். வெளிப்பட்டு நில்லாவிடில் ‘தோன்றா எழுவாய்’ என்று பெயரிட்டு அமைதி கொள்வோம். இங்கோ தோன்றாமல் மறைந்திருக்கவும் ஒருவர் இல்லை. நாய் கருவி, கருவியைக் கையாளும் கை என்று ஒன்று இல்லை.

விருப்பமின்றியும் மனிதனைத் தீமைக்குள் தள்ளுவது எது என்று குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனன் வினவினான். ஆசையும் சினமும் என்பது அவன் பெற்ற விடை. உடனே, ‘சினமும் ஒரு வைரஸ்’ என்று எழுதிவிட என் போன்றோருக்குக் கை துடிக்கும். அதை நான் தவிர்க்கவே விரும்புகிறேன். அந்த உவமை நம்மை மிக எளிதாக விடுதலை செய்துவிடுகிறது. ‘நான் பேசவில்லை, என் கோபம் பேசியது’ என்பவருக்கு உண்மையில் வேறு வழி இருந்தது. நோயுற்ற நாய்க்கு இல்லை.

நோய் முற்றிய மனிதருக்கும் இல்லை. அவருக்கு இடையிடையே நினைவு தெளிவாக இருக்கும், தாகம் எடுக்கும், தண்ணீர் கேட்பார். குவளை அருகே வந்ததும் தொண்டை இறுகி, உடல் பதறி, அதைத் தள்ளிவிடும். தாகம் அவருடையது, மறுப்பு அவருடையது அன்று. அந்த நேரத்தில் அவரைக் கண்டு அஞ்சி விலகுவதும் வெறுப்பதும் எத்துணை பெரிய தவறு!

அறிகுறிகள் தோன்றிய பின் மருத்துவத்தால் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் கடிபட்ட நாளுக்கும் அந்த நாளுக்கும் நடுவே, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள்வரை, ஓர் இடைவெளி உண்டு. 1885 ஜூலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து அளிக்கச் செய்தது இந்த இடைவெளியை நம்பித்தான். பொறுப்பு என்ற சொல்லுக்கு இங்கே பொருள் உண்டென்றால், அது இந்த நாள்களுக்குள்தான் இருக்கிறது. வைரஸுக்கு அறிவில்லை, நாய்க்குத் தேர்வில்லை. தன் நாய்க்குத் தடுப்பூசி போடாது விட்டவருக்கு இரண்டும் இருந்தன.

உலக சுகாதார நிறுவனம் இந்நோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பல குழந்தைகள் கடிபட்டதை வீட்டில் சொல்வதில்லை. ‘அந்த நாயிடம் ஏன் போனாய்?’ என்று அடி விழும் என்ற அச்சம் ஒன்று; ஊசி அச்சம் மற்றொன்று. வயிற்றில் பதினான்கு ஊசி போட்ட காலம் நம் நாட்டில் 2000-களின் நடுவிலேயே முடிந்துவிட்டது. இப்போது கையில் சில ஊசிகள்; காயம் ஆழமாக இருந்தால் அதைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்து. எனினும் பழைய ஊசியைச் சொல்லிக் குழந்தைகளை மிரட்டும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குழந்தை காலைக் காட்டும்போது முதலில் கேட்கவேண்டியது ‘எங்கே போனாய்’ என்பதன்று, ‘எங்கே கடித்தது’ என்பதே. பிறகு ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் காயத்தைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். வைரஸ் போர்த்தி வந்திருக்கும் அந்த இரவல் போர்வை வெறும் கொழுப்புத்தான், சோப்பில் கரைந்துவிடும்.