பிறநாட்டுப் பிரயாணிகளின் சான்று

சைவப் பாடசாலைகளிலே நிகழும் பரிசளிப்பு விழாக்களிலும் குருபூசைக் கூட்டங்களிலும் பிரசங்கஞ் செய்வோர், நமது சமயத்தின் பெருமையைக் கூறப் புகும்போது, மேனாட்டார் ஒருவர் அதனை வியந்து எழுதிய வார்த்தையை எடுத்துக் காட்டாது முடித்தல் அரிது. கேட்போரும் அவ்விடத்திலேயே மிகுதியாகக் கைகொட்டுகின்றனர். அப்பிரசங்கியாரே பிறிதொரு சந்தர்ப்பத்தில், வேறொரு மேனாட்டார் நமது வழிபாட்டை இகழ்ந்தெழுதியது பேச்சில் வருமாயின், அந்நியனாகிய அவன் நமது சமயத்தின் உண்மையை யாங்ஙனம் அறிவான் என்று தள்ளிவிடுகின்றார். அந்நியன் அறியான் என்பது நியாயமாயின், அவன் புகழ்ச்சியும் அறியாமையின்பாற் படுதல் வேண்டும். அறிவான் என்பது நியாயமாயின், அவன் இகழ்ச்சியையுஞ் செவிமடுத்து ஆராய்தல் வேண்டும். கொள்ளுதற்கு ஒரு படியும் கொடுத்தற்கு ஒரு படியும் வைத்திருப்பவனை நல்ல வணிகன் என்று யாருங் கூறார். ஆதலால், பிறர் நம்மைப்பற்றிக் கூறுஞ் சான்றை எவ்வளவிற் கொள்ளுதல் அறமாகும் என்பதைச் சைவாசிரியர்கள் ஒருமுறை நின்று ஆராய்தல் தகுமெனக் கருதி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்தியாவையும் இலங்கையையும் பற்றி நூலெழுதிய பிரயாணிகள் சிலரை ஈண்டு உதாரணமாக எடுத்துக்கொள்ளுகின்றோம்.

இதற்கு வேண்டும் அளவுகோலைப் பிறரிடத்து இரக்க வேண்டியதில்லை. காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையுஞ் சித்தாந்த நூல்கள் வகுத்திருக்கின்றன. சிவஞானசித்தியார் அளவையை முதலில் வைத்தே பொருளுட் புகுகின்றது. பிரயாணியின் நூல், அதனை வாசிப்பவனுக்கு உரையளவையின்பாற்படும். உரை அளவையாதற்கு அது ஆப்தன் வாக்காதல் வேண்டும். பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்தவாறே கூறுபவனுமே ஆப்தனாவான். இவ்விலக்கணத்தை உலக விஷயத்தில் வைத்துப் பார்த்தால், பிரயாணியை நாம் கேட்க வேண்டிய வினாக்கள் தாமே எழும்: நீ நேரிற் கண்டாயா? கண்டவிடத்து அம்மக்களின் மொழியை அறிந்தாயா? யார் வாசிக்க, என்ன பயன் கருதி எழுதினாய்? இவற்றோடு நாம் ஒரு வேறுபாட்டையும் மறவாதிருத்தல் வேண்டும். தேர் ஓடிற்று என்பது கண்டவன் கூறுஞ் செய்தி. அதனை ஓட்டியவர்கள் மூடர்கள் என்பது அவனது மதிப்பீடு. செய்தியில் வல்லவன் மதிப்பீட்டிலும் வல்லவனாவான் என்பதற்கு நியமமில்லை.

கிறிஸ்தவ பாடசாலையொன்றிற் கல்வி பயின்ற நமக்கு, அங்கே சரித்திரம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், எந்நூலை எடுப்பினும் இதனை எழுதியவர் அவ்விடத்தில் இருந்தாரா என்று முதலில் வினாவும்படி பழக்கினார். அவ்வினா பாதிரிமார் எழுதிய நூல்கள்மீதும் ஒருநாட் செல்லும் என அவர் எண்ணியிருந்தாரோ, அறியோம்.

அவ்வினாவின்முன் சிலர் நொடியில் விழுந்துவிடுகின்றனர். ஜேம்ஸ் மில் என்பவர் 1817இல் பிரித்தானிய இந்திய சரித்திரத்தை வெளியிட்டார். அவர் இந்தியாவில் அடியெடுத்து வைத்தவரல்லர். அந்நாட்டு மொழிகளில் ஒன்றையேனும் அறிந்தவருமல்லர். இவையிரண்டும் தம் நூலுக்குக் குறையாகா என முகவுரையில் வாதமுஞ் செய்தார். அந்நூலையே கும்பெனி உத்தியோகத்துக்குப் பயிலும் இளைஞர் ஓதினர். ரெஜினால்ட் ஹீபர் என்னுங் குருவானவர், இலங்கையின் இயற்கையெழிலைப் புகழ்ந்து அதன் மக்களை இழித்துக் கூறும் பிரசித்தமான கீதத்தை 1819இல் வேல்ஸிலிருந்தே இயற்றினார். பின்பு கல்கத்தா அத்தியட்சராகி, 1825இல் இத்தீவுக்கு வந்து, அடுத்த வருடம் திருச்சிராப்பள்ளியிலே இறந்தார். அவர் இறந்தபின் 1828இல் வெளிவந்த வடஇந்தியப் பிரயாண நூல் அக்கீதத்தைப்போலக் கடுமையுடையதன்று. வீட்டிலிருந்து இகழ்தல் எளிது. வழியிலே கண்டு பேசிய மனிதரை இகழ்தல் அத்துணை எளிதன்று.

இனி, நேரிற் சென்று கண்டவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார் 1806ஆம் வருடம் ஜூன் மாதம் பூரிக்குச் சென்று ஜகந்நாதருடைய இரதோற்சவத்தைப் பார்த்தார். அவர் 1811இல் வெளியிட்ட நூலில், அம்மூர்த்தியைப் பழைய ஏற்பாட்டிலே பிள்ளைப்பலி கொள்வதாகக் கூறப்படும் மோலோக் என்னும் தேவதைக்கு ஒப்பிட்டு, அடியவன் ஒருவன் தேர்ச்சில்லின்கீழ் வீழ்ந்து மாண்டதைத் தாம் கண்டதாகவும் எழுதினார். அவர் கண்டது பொய்யென்று நாம் கூறுதற்கு ஆதாரமில்லை. அவர் எழுதியது, இந்தியாவுக்குப் பாதிரிமாரைத் தடையின்றி அனுப்புதல் வேண்டும் என்னுங் கிளர்ச்சி இங்கிலாந்தில் நடந்த காலம். 1813இல் கும்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது அதற்கு இடமுங் கிடைத்தது. அந்நூலும் அதுபோன்ற பிறவும் பரவியதன் பயனாக, ஜகந்நாதர் என்னுந் திருநாமமே ஆங்கில மொழியில், எதிர்ப்பட்டாரையெல்லாம் நசுக்கிச் செல்லுங் கொடிய வலிமைக்குப் பெயராயிற்று. உலகநாதன் என்று பொருள்படும் ஒரு சொல்லுக்கு நேர்ந்த கதி இதுவாம்.

இதற்கு மறுமொழி நம்மவர் எவரும் எழுதிய கண்டனத்திற் கிடைப்பதன்று. மற்றோர் ஆங்கிலேயரின் குறிப்பிலே கிடைக்கின்றது. ஒரிசாவிலே அரசாங்க உத்தியோகத்திலிருந்த ஆண்ட்ரூ ஸ்டேர்லிங் என்பவர், அந்நாட்டைப்பற்றி 1825இல் வெளிவந்த தமது விரிவான கட்டுரையில், தாம் நான்கு வருடம் அவ்வுற்சவத்தைப் பார்த்ததாகவும், அந்நான்கு வருடத்திலும் தேர்க்கீழ் இறந்தோர் மூவரே என்றும், அவருள் ஒருவர் இறந்தது தற்செயலாகவும் இருக்கலாமென்றும், ஏனை இருவரும் தீராநோயால் நெடுநாள் வருந்தியவர்கள் என்றும் எழுதினார். ஒருவர் ஒருமுறை கண்டதைச் சமயத்தின் இயல்பென்று கூறினார். மற்றவர் நான்குமுறை கண்டு எண்ணிக் கூறினார். இருவரும் அந்நியரே, இருவரும் கிறிஸ்தவரே. ஆகவே உண்மைக்கும் பொய்க்கும் உள்ள எல்லை, நம்மவர் அந்நியர் என்னும் எல்லையோடு ஒத்துச் செல்வதன்று. ஸ்டேர்லிங்கை நாம் ஏற்பதாயின், அம்மூவர் இறந்தமையையும் ஏற்றுக்கொள்ளுகின்றோம். ஒருவரும் இறந்திலர் என்று மாணாக்கருக்குக் கூறுவோர், புக்கானனைக் காட்டிலும் சான்றுக்கு மாறாகவே பேசுவோராவர்.

நேரிற் கண்டவர் என்னும் பெயரே சில வேளை நம்பத்தகாததாயிருத்தலும் உண்டு. பிரான்சு தேசத்துப் பாதிரியாராகிய அபே துபுவா என்பவர் 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வசித்தார். இந்துக்களின் ஒழுக்கவழக்கங்களைப்பற்றி அவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியைக் கும்பெனியார் இரண்டாயிரம் வராகன் கொடுத்து வாங்கி, 1816இல் ஆங்கிலத்தில் வெளிவரச் செய்தனர். முப்பது வருடம் நம்மவரோடு உண்டு உடுத்து வாழ்ந்தவர் கண்டெழுதியது என்று அந்நூலை நூறாண்டுக்கு மேலாக ஆள்வோரும் அறிஞரும் நம்பினர். 1987இலே சில்வியா மூர் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சிப் பெண்மணியார், அந்நூலின் பெரும்பகுதி, 1779இல் புதுச்சேரியில் இறந்த கேர்தூ என்னும் இயேசுசபைக் குருவின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை, 1777ஆம் வருடத்துப் பிரதியொன்றைக்கொண்டு காட்டினார். தாம் வருதற்கு முன்னே ஒருவர் கண்டதைத் தாம் கண்டதுபோல எழுதிய கண்சாட்சியை நீதிமன்றத்தில் யாது செய்வர் என்பதை வாசிப்போர் ஊகித்துக்கொள்க. நம்மவரிலும் சிலர் பழைய வழக்கங்களுக்கு அந்நூலையே மேற்கோளாகக் காட்டுவதை அறிவோம். அவர்கள் உண்மையில் மேற்கோள் காட்டுவது கேர்தூவையேயாம்.

நிற்க. இகழ்ந்தோரை ஆராய்ந்தது போதும். புகழ்ந்தவரை ஆராய்தலே நமக்குக் கடினமான காரியம்.

எட்வர்ட் கார்ப்பென்டர் என்பவர் கேம்பிரிட்ஜிலே பயின்று, சில காலம் குருப்பட்டம் வகித்து, 1874இல் அதனைத் துறந்தவர். அங்கே பயின்ற காலத்துப் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களோடு உண்டான நட்பினால் பகவற்கீதையைப் படித்து, 1890இல் இலங்கைக்கு வந்தார். அக்காலத்தில் அருணாசலம் அவர்கள் குருநாகலில் நீதிபதியாயிருந்தார்கள். அவர்களுடைய குருவும், தில்லைநாதசுவாமிகளின் சீடருமாகிய இராமசுவாமி என்னும் ஞானியாரைக் கார்ப்பென்டர் பல நாள் அடுத்திருந்து உபதேசங் கேட்டார். 1892இல் வெளிவந்த அவரது பிரயாண நூலில் இஃது ஒரு பகுதியாக விரிந்து நிற்கின்றது. பின்னர்த் தனிநூலாகவும் அச்சாயிற்று. எண்ணம் அற்றவிடத்தும் அறிவு அறுவதில்லை என்பதனை அவர் ஐரோப்பியருக்கு விளங்க எடுத்துரைக்க முயன்ற இடங்கள் நம்மவர் மகிழ்ந்து வாசித்தற்குரியன. குருநாகலில் நிகழ்ந்த தைப்பூச இராத்திருவிழாவையும் அவர் விரும்பி வருணித்திருக்கின்றார். அத்திருவிழாவையும் புக்கானன் கண்ட தேரையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால், காண்பவன் எதனைத் தேடிச் சென்றானோ அதனையே பெரிதாகக் காண்கின்றான் என்பது புலப்படும். இது கார்ப்பென்டருக்கும் பொருந்தும். தம் நாட்டுச் செல்வ நாகரிகத்தில் வெறுப்புற்று வந்தவர் அவர். உபதேசத்தை அவர் கேட்டதும் மொழிபெயர்ப்பு வழியாகவேயாம்.

ஆயினும், அவரை ஆப்தர் என்று நாம் மதிப்பதற்குக் காரணம் அவர் புகழ்ந்தமையன்று. அதே நூலிலே, இத்துணைக் கூரிய அறிவுடைய ஞானியார், பூமியே நடுவிலிருக்கின்றது, சூரியன் அதனைச் சுற்றுகின்றது என்று முழு நம்பிக்கையோடு தமக்கு விளக்கியதை அவர் வியப்போடு எழுதியிருக்கின்றார். குருவினிடத்து அவருக்கிருந்த மதிப்பு அதனை மறைக்கும்படி செய்யவில்லை. அவர் அதனை எழுதியமையால் அம்மதிப்புங் குறையவில்லை. இப்பக்கத்தைப் பிரசங்கங்களிலும் கட்டுரைகளிலும் நம்மவர் எடுத்துக் காட்டியதை நாம் ஒருமுறையேனுங் கேட்டிலோம். புகழ்ச்சிப் பக்கங்களை மாத்திரம் கேட்டிருக்கின்றோம்.

இவ்வாறு தெரிந்தெடுத்துக் கூறுதல் குற்றமாகுமா என்று சிலர் வினாவுவர். சாட்சியின் வாக்கிற் பாதியைக் கொண்டு பாதியை மறைப்பவன், சாட்சி கூறாத ஒன்றைச் சாட்சி கூறியதாகக் காட்டுகின்றான், அது குற்றமேயாம். ஞானியாருடைய வானசாத்திரத்தை வெளியிட்டால் மாணாக்கர் அவரது ஞானத்தையும் இகழ்வார்களே என்பர் வேறு சிலர். இவ்வச்சம் நம் சாத்திரத்தை மறந்தமையால் வந்தது. கருவிகளின் வழியாக உலகப் பொருளை அறியும் அறிவு பாசஞானம் என்றும், அருளினால் இறைவனை அறியும் அறிவு பதிஞானம் என்றும் சித்தாந்தம் பிரித்தோதுகின்றது. பூமி சுற்றுகின்றதா சூரியன் சுற்றுகின்றதா என்பது முன்னதன் எல்லைக்குள் நிற்பது. தூரதிருட்டிக் கண்ணாடியாலுங் கணிதத்தாலும் தீரவேண்டியது. அதில் ஒரு ஞானி தம் காலத்தார் நம்பியதை நம்பினமையால் அவரது பதிஞானத்துக்கு வந்த இழுக்கு யாது? கணிதத்தில் வல்லவனாதலால் ஒருவன் ஞானியாதலும் இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்ற மாணவன் அப்பக்கத்தை வாசித்து அஞ்சமாட்டான். பிரித்தறியக் கற்பிக்காமல் அப்பக்கத்தை மறைத்தால், அவன் பின்னொருநாள் அதனைத் தானே கண்டு, ஆசிரியர் மறைத்தவை இன்னும் எத்தனையோ என்று ஐயுறுவான்.

மேனாட்டார் புகழ்ச்சியை எடுத்தாளுதலுக்கு ஒரு நியாயமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. தம் முன்னோரின் சமயம் அநாகரிகருடைய சமயம் என்று பாடப்புத்தகங்களிலே படித்த தலைமுறைகள் இந்நாட்டில் இருந்தன. அவ்விழிவை எந்த வாயினின்று கேட்டார்களோ அந்த இனத்தார் வாயினின்றே புகழ்ச்சியையுங் கேட்டபோது, அவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அஃது அந்நோய்க்கு மருந்தாயிருந்தது. ஆனால் மருந்தை நாடோறும் அன்னமாக உண்பாரில்லை. இக்காலத்து ஒரு மாணவன், திருவாசகம் சிறந்தது, ஏனெனில் இன்ன துரை அதனைப் புகழ்ந்தார் என்று சோதனை விடையில் எழுதுவானாயின், அவன் திருவாசகத்தைப் படித்திலன் என்பதே நமக்குத் தெரிவது. அதனை ஓதி உணர்ந்த ஒருவனுக்குத் துரைமகனாருடைய சான்று மிகை; உணராதவனுக்கு அது பயன்படுவதுமில்லை. உலகச் செய்தியில் உரையளவை உதவும். இனிப்பை உணர்தற்கு நாவே வேண்டும்.

இறுதியாக ஒருவர். மார்க் துவெயின் என்னும் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் 1896ஆம் வருடம் ஜனவரி மாதத்திற் கொழும்பில் இறங்கினார். வீதியிற் சென்ற மக்களுடைய உடைகளின் நிறங்களைக் கண்டு களிப்புற்று நின்ற அவர்முன், மிஷன் பாடசாலையொன்றிலிருந்து பதினாறு சிறுமிகள், ஐரோப்பிய உடை தரித்து, இருவர் இருவராக வந்தனர். அக்காட்சி அவருக்குத் துன்பந் தந்தது. பின்பு தமது உடையையே நோக்கி, அவ்வுடையோடு வீதியில் நிற்க நாணினார் என்று 1897இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கின்றார். (கழுத்துப்பட்டி இறுகக் கட்டிப் பாடசாலை சென்ற நமக்கு அப்பகுதியை வாசிக்கையில் நகையும் வேறொன்றுங் கலந்தே வரும்.) அந்நூலிலேயே காசியைப்பற்றி அவர் செய்த பரிகாசங்கள் பல; நம்மவர் சிலருக்கு அவை சினமூட்டும். ஆனால் அங்கே பாஸ்கரானந்த சரஸ்வதி சுவாமிகளை அவர் தரிசித்துத் தமது கதைநூலொன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். அவ்விடத்தை ஒட்டி அவர் ஒரு விசாரணை செய்கின்றார்: தன் சமயத்தையும் தன் பெற்றோரையும் போற்றுதல் மனிதனுக்குத் தானே வருவது, அதிற் பெருமை கொள்ளுதற்கு ஒன்றுமில்லை, தான் நம்பாத ஒன்றைப் பிறர் நம்பி வணங்கும்போது அதற்கு வலிந்து மரியாதை செய்தலே அரிது, அதுவே ஒருவனுக்குச் சொந்தமான சிறப்பு என்பது அதன் கருத்து.

பரிகாசக்காரர் ஒருவரிடத்திருந்து வந்தமையால் இவ்விசாரணையைத் தள்ளுதல் ஆகாது. நமது சமயத்தைப் புகழ்ந்தார் என்பதற்காகக் கொள்ளுதலும் ஆகாது. அவர் இங்கே அதனைப் புகழவில்லை. அதனைக் காரணம்பற்றியே ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்தால், அவ்வரிய மரியாதையை நம்மிடத்துப் பிறர் காட்டினரா என்பதோடு, அயலிலுள்ள விகாரையையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் குறித்து நாம் வகுப்பிற் பேசும் விதம் யாது என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

மேல்வகுப்பு ஆசிரியர்கள் புக்கானனுடைய பூரி வருணனையையும் ஸ்டேர்லிங்கின் குறிப்பையும் மொழிபெயர்த்து, எழுதியவர் பெயரை முதலிற் கூறாமல், ஒரே நாளில் மாணாக்கருக்கு வாசித்துக் காட்டலாம். எவர் கண்டார், எத்தனைமுறை கண்டார், யாருக்காக எழுதினார் என்று அவர்களே வினாவட்டும். கார்ப்பென்டரின் ஞானியார் பகுதியையும் தமிழில் வாசிக்கக் கொடுத்தல் நன்று. அதனை மொழிபெயர்க்க முன்வருவோர், சூரியனைப்பற்றிய பக்கத்தையும் விடாது மொழிபெயர்ப்பாராக.