மலைநாட்டுக்கு எவ்வழி?

பூட்டானுக்கு எப்படிப் போவது? வானில் பறந்தா, தரையில் ஊர்ந்தா? பயணச்சீட்டு விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது, இதில் அறத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆசிரியப் பணி புரியும் நம் போன்றோரிடையே, கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழுகிறது. எழுந்ததும் அணி பிரிகிறது. பிரிந்ததும் சூடு பிறக்கிறது. வெறும் கட்டணக் கணக்குக்கு இத்தனை சூடு வராது. உள்ளே வேறேதோ இருக்கிறது. அதைத்தான் ஆராய விரும்புகிறோம்.

வழிகள் இரண்டையும் முதலில் காண்போம். சென்னையிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து பாரோ. இணைப்பு வாய்த்துவிட்டால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குள் பயணம் முடிந்துவிடும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் நெருக்கி நிற்கும் பள்ளத்தாக்கில் இருக்கிறது பாரோ வானூர்தி நிலையம். தனிப் பயிற்சி பெற்ற வானோட்டிகள்தாம் அங்கே இறக்க முடியும். மற்றொன்று தரைவழி. தொடர்வண்டியில் இரண்டு இரவுகளைக் கழித்து வங்கத்தின் வடகோடியில் நியூ ஜல்பைகுரி. அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கும் யானைக் காடுகளுக்கும் ஊடே ஆசிமாரா. பிறகு எல்லையூராகிய ஜெய்கான். எல்லையைத் தாண்டினால் புன்ஷோலிங். அதன்பின் தலைநகர் திம்பு வரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் மலைச்சாலை. தூக்கம் கெடும், முதுகு நோகும்.

தரைவழி அணியினர் எடுத்தவுடன் வீசும் வாதம் ஒன்றுண்டு. "வருந்திச் சென்றால்தானே அருமை தெரியும்!" என்பர். இந்தக் குரலை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? வெறுங்காலோடு நட, முழங்காலால் ஏறு, உருண்டு வா, அப்போதுதான் பலன் கிட்டும் என்று பாமரனைப் பன்னெடுங்காலம் வதைத்த குரல் இது. புண்ணியம் என்ற பழைய சட்டையைக் கழற்றிவிட்டு, அனுபவம் என்ற புதிய சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே.

துன்பத்துக்குத் தனிப் பெருமை உண்டென்றால், கண்டிச் சீமைக்கு நடந்தவர்களே உலகின் தலைசிறந்த பயணிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்ட வேலைக்கென்று இங்கிருந்து சென்ற நம் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேலாகக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். குடிக்க நீர் கிடைக்கவில்லை; வாந்திபேதிதான் கிடைத்தது. விழுந்தவரைத் தூக்க ஆளில்லை. தூக்க நின்றவரும் விழுந்தனர். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடி, இரு கரையிலும் இருப்புப்பாதை வந்து சேர்ந்தபோது, "ஐயகோ, பயணத்தின் அருமை போயிற்றே!" என்று அவருள் எவரேனும் அழுதிருப்பரா? வழியைத் தேர்ந்தெடுக்க முடிந்தவன்தான் வழியின் கடுமையைப் பாராட்டுவான். ஆகவே அந்த வாதத்தை ஒதுக்குவோம்.

வான்வழி அணியினர் நேரத்தைக் காட்டுகின்றனர். யாருடைய நேரம்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தோழருக்கு, சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்புக் கிடைப்பதே அரிது. அந்த நான்கு நாளில் மனைவி மக்களுக்கு ஒரு பனிமலையைக் காட்ட அவர் பறப்பாரானால், அவரைக் குறைசொல்ல எந்த அறநூலுக்கும் உரிமை இல்லை. மே மாதம் முழுவதும் கையில் இருப்பவர் நேரமில்லை என்றால் அது காரணம் அன்று, சாக்கு.

இனி, பேசப்படாத பக்கத்துக்கு வருவோம்.

நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் இருப்புப்பாதை, இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856இல் போடப்பட்ட தென்னாட்டின் முதல் பயணியர் பாதை. திறந்து வைத்த சீமான்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கும். மண் சுமந்தவர் பெயர்? பூட்டானின் பாதைக்கும் இதே கதைதான். 1958ஆம் ஆண்டு செப்டம்பரில் பண்டித நேரு அந்நாட்டுக்குச் சென்றபோது, அங்கே வண்டி ஓடும் சாலையே கிடையாது. அறுபத்தெட்டு வயதுத் தலைமை அமைச்சர், மகள் இந்திராவுடன் சிக்கிமிலிருந்து நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியே, குதிரையிலும் கவரிமாவிலும் கால்நடையிலுமாகப் பாரோவை அடைந்தார். 1961இல் இந்திய எல்லைச் சாலை அமைப்பு 'தந்தக்' என்ற பெயரில் பணி தொடங்கியது. பாறையைப் பிளந்து, சரிவிலே தொங்கி, அவர்கள் அமைத்த சாலைதான் புன்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்கு ஏறுகிறது. ஆண்டுகள் பல நீண்ட அந்தப் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாறை வெடித்தும், மண் சரிந்தும், மலை நோய் கண்டும் மாண்ட எளியவர்கள்.

பறந்து போனால் இந்தக் கடன் தீர்ந்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. பாரோப் பள்ளத்தாக்கில் முதன்முதல் ஓடுதளம் அமைத்ததும், 1968இல், அதே எல்லைச் சாலை அமைப்புதான். 1983இல் பூட்டானின் வானூர்திச் சேவை அங்கே தொடங்கியது. சாலையில் செல்பவன் அந்தக் கைகளின் மேல் ஏறிச் செல்கிறான். வானில் வருபவன் அந்தக் கைகளின் மேல் வந்து இறங்குகிறான். மேலிருந்து பார்த்தால் கை தெரியாது; வேறுபாடு அவ்வளவுதான்.

புகையின் கணக்கையும் எடுத்துப் பார்ப்போம். ஒருவரை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல, வானூர்தி கக்கும் கரி, தொடர்வண்டியின் கரியைப் போல் பல மடங்கு. 2018இல் உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவரே வானூர்தியில் ஏறினர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. ஏறியவர் பதினொருவர், வெப்பம் நூறு பேருக்கும்! பூட்டானோ, தன் நிலத்தில் அறுபது விழுக்காடு என்றும் காடாகவே இருக்க வேண்டுமென்று 2008ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு. தான் வெளியிடும் கரியைவிட அதன் காடுகள் உறிஞ்சும் கரி மிகுதி. அந்த நாட்டின் தலைக்குமேல் பனியாறுகள் உருகி ஏரிகளாகத் தேங்குகின்றன. 1994 அக்டோபரில் லுக்யே ஏரி உடைந்து, வெள்ளம் புனாக்கா வரை பாய்ந்து, 21 பேரைக் கொண்டுபோயிற்று. அந்த ஓர் ஏரியை உடைத்தது நம் சீட்டு என்று நாம் கூறவில்லை; அப்படிக் கூறுவது அறிவியலும் ஆகாது. உருகும் பனியின் கீழே குடியிருப்பவன் யார், உருக்கும் புகையை விடுபவன் யார் என்று மட்டும் கேட்கிறோம். ஒருவன் இன்பத்துக்கான விலையை மற்றொருவன் செலுத்தும் ஏற்பாட்டுக்குப் பிறப்பின் பெயரால் ஒரு வடிவம் இருந்தது, அதை எதிர்த்தோம். காசின் பெயரால் வரும்போது மட்டும் அதற்குக் கம்பளம் விரிப்பதோ?

தரைவழியில் இன்னொன்றும் உண்டு. இந்தச் சாலை ஏறுவது தென்னெல்லை அடிவாரத்திலிருந்து. 'நாட்டு மகிழ்ச்சி' என்று உலகமெல்லாம் புகழ் பாடும் அந்த நாட்டின் தென் மாவட்டங்களில், நேபாளி பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்தனர். 1989ஐ ஒட்டிப் பள்ளிகளில் அவர்கள் மொழி நீக்கப்பட்டது, வடபுலத்து உடை விதிக்கப்பட்டது, எதிர்த்தவர் அலைக்கழிக்கப்பட்டனர். அடுத்து வந்த ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்து முகாம்களில் அடைந்தனர். 2007க்குப் பின் அவருள் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய தொலைநாடுகளில் குடியேற்றப்பட்டனர். மொழிக்காகத் தீயில் வெந்த இளைஞர்களைக் கண்ட தமிழன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா கடந்து போக இயலுமா? சாலை தானாக வாய் திறந்து இதைச் சொல்லாது என்பதும் மெய்யே. அடிவாரத்துத் தேநீர்க் கடையில் நேபாளியில் பேசுபவரைச் சந்திக்கிறோம், "உங்கள் பக்கத்து மக்கள் எங்கே?" என்று கேட்க வாய்ப்பு உண்டாகிறது. பாரோவில் இறங்கி, மடாலயம் கண்டு, படம் பிடித்துத் திரும்புபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

எனவே நம் முடிவு இது. நோயுற்றவர், முதியவர், விடுப்பு வாய்க்காதவர் பறக்கட்டும். எவரும் முகஞ்சுளிக்க வேண்டா. உடலும் ஓய்வும் உள்ளவர், குறிப்பாக மாணவர்க்கு நிலநூல் கற்பிக்கும் நம்மவர், தரைவழியே செல்க. வருந்துவதற்காக அன்று, நம் மகிழ்ச்சியின் செலவை மற்றவர் தலையில் ஏற்றாதிருப்பதற்காக. அத்துடன் தொழிற்பேட்டைத் தோழருக்கும் அந்த வழி திறக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் தொடர்ந்த விடுப்பும், வடகிழக்கு வண்டிகளில் நிற்க இடமின்றி நெரியும் பொதுப்பெட்டிகளுக்குப் பதிலாகப் படுத்துச் செல்லக்கூடிய கூடுதல் பெட்டிகளும் கேட்டு, இந்த ஆண்டுக் கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கு அடுத்த வரியாகத் தொழிற்சங்கங்கள் எழுதலாமே!