மரத்திற்கு அளித்த அவகாசம்

மாற்றத்தை ஏற்கும் ஆற்றல் மனிதனின் இயல்பைச் சார்ந்ததா, அன்றி அவன் உழைக்கும் சூழலைச் சார்ந்ததா என்பது உளவியலார் மட்டும் விடைகாண வேண்டிய வினா அன்று. ஒருவன் புதியதை மறுப்பது அவனது குணக்குறை எனக் கொண்டால் அதற்கு அவனே பொறுப்பாளி ஆகிறான். அம்மறுப்பு அவன் வாழும் நிலைமைகளின் விளைவு எனக் கொண்டால் அந்நிலைமைகளை அமைத்தோரும் பொறுப்பாளிகள் ஆகின்றனர். ஆகவே பொறுப்பை யார்மேல் வைப்பது என்னும் அறவினா இதனுள் அடங்கியுள்ளது. சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை முன்வைத்து இவ்வினா ஈண்டு ஆராயப்படுகின்றது.

மலையகம் என்றதும் நுவரெலியாவின் குளிர்மலைகளே பலர் நினைவுக்கு வரும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் அவற்றினின்றும் வேறுபட்டவை. இங்கு மழையும் வெப்பமும் மிகுதி. தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்வன. பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை ஆகிய பகுதிகளில் தோட்டக் குடியிருப்புகள் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடக்கின்றன. இளைஞர் கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் வேலை தேடிச் செல்ல, எஞ்சியிருப்போர் புதிய முறைகளுக்கு இசைய மறுக்கின்றனர் என்பது நிருவாகங்களின் முறைப்பாடு. கொழுந்து பறிக்கும் கத்தரி, வருமானப் பங்கீட்டு முறை முதலியவை ஐயத்துடனேயே நோக்கப்படுகின்றன என்பர். இம்முறைப்பாடு முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அதன் காரணத்தை அறிய உழைப்பின் தன்மையை முதலில் நோக்குதல் வேண்டும்.

இறப்பர் மரத்தில் பால் வெட்டுவோர் வெயில் ஏறுமுன்னரே மலைக்குச் செல்கின்றனர். காலைக் குளிர்ச்சியிலேதான் பால் நன்கு வடியும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் காயமுறும். சற்று மேலோடினால் பால் குன்றும். ஒவ்வொரு மரத்திலும் இதனைக் கணித்து வெட்டுவது நுண்ணிய கைத்திறன். பட்டை நனைந்தால் அன்றைய வெட்டு நின்றுவிடும். கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவ்வாறே; எது பறிக்கத் தக்கது, எது விடத்தக்கது என்பதை அவளது விரல்கள் கணப்பொழுதில் தீர்மானிக்கின்றன. ஆயின் மாலையில் தராசு அறிவது எடையை மட்டுமே. கொழுந்தின் ஈரத்துக்கெனவும் கூடைக்கெனவும் அவ்வெடையிலும் ஒரு பகுதி கழிக்கப்படும். குறித்த அளவு நிறைந்தால் அவளுக்கு ஒரு 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு நாள் உழைப்பைப் பேர் என்றே தோட்டத்து வழக்கு குறிக்கின்றது. ஒருத்தி முழுநாளும் மலையில் நின்றும் அரைப்பேராக வீடு திரும்பும்போது குறைவது கூலி மட்டுமன்று என்பதை அச்சொல்லே உணர்த்தும்.

சுவீடனிலும் அமெரிக்காவிலும் திரட்டப்பெற்ற தரவுகளைக் கொண்டு றொபேட் கராசெக் என்னும் அறிஞர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் கருதத்தக்கது. வேலையின் பளு மட்டும் மனிதனை நலியச் செய்வதில்லை. பளு மிகுந்து, அவ்வேலையைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை குறைந்துள்ள இடத்திலேயே உளநெருக்கடி மிகுகின்றது என்பது அவரது முடிவின் சாரம். தோட்டத்தில் பளு மிகுதி என்பதை எவரும் மறுப்பதில்லை. தீர்மானிக்கும் உரிமையோ தொழிலாளிக்கு இல்லை எனத்தக்க அளவினது. எந்த மலையில் நிற்பது, எத்தனை கிலோ பறிப்பது, எப்பொழுது நிறுப்பது ஆகிய யாவும் பிறரால் விதிக்கப்படுகின்றன.

2021ஆம் ஆண்டு இதற்கு ஒரு சான்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டதெனத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அதே ஆண்டின் நடுப்பகுதியில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்படுமுன்னரே செடிகள் உரமின்றி வாடத் தொடங்கியிருந்தன. அளவை உயர்த்தியவளும் அவளல்லள். உரத்தை நிறுத்தியவளும் அவளல்லள். இரண்டின் விளைவும் அவளது கூடையிலேயே வந்து சேர்ந்தது. தன்னைக் கேளாமல் வந்த மாற்றங்கள் இவ்வாறு முடிவதைக் கண்ட ஒருத்தி, அடுத்த மாற்றத்தை ஐயுறுவதை அறியாமை எனல் பொருந்துமா?

உழைப்பிடத்தின் ஆட்சி மலையுடன் நின்றுவிடுவதுமில்லை. லயத்து அறையும், பிள்ளைமடுவமும், குடிநீரும், வீட்டுக்குச் செல்லும் பாதையும் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்துவந்துள்ளன. குடியிருக்கும் அறைக்கு உறுதி இல்லாத குடும்பம், வேலையை விட்டால் கூரையும் போய்விடுமோ என அஞ்சுகின்றது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க, புளத்கொகுபிட்டிய பகுதிகளில் நேர்ந்த மண்சரிவுகள், நிலமே நிலையற்றது என்பதையும் காட்டின. பெருமழை இரவில் உறங்காதிருக்கும் குடும்பத்தின் உடல்நலத்தையும் மனநலத்தையும் மறுநாட் காலைப் பிரட்டில் எண்ணப்படும் தலைகளைக் கொண்டு அளந்துவிட முடியாது.

இனி, இம்மக்கள் மாற்றத்துக்கு இசையாதோர் என்னும் கூற்றை வரலாற்றின் துணையுடன் நோக்குதல் தகும். 1946இல் கேகாலைப் பகுதியில், உருளவள்ளி என வழங்கப்பெற்ற நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் குடியேற்றத்துக்கெனக் கையேற்றபோது அங்கு உழைத்தோர் வெளியேறப் பணிக்கப்பட்டனர். அதனை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1977இன் வன்செயல்களுக்குப்பின் பலர் வன்னிக்குக் குடிபெயர்ந்தனர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து வாழ்ந்த மக்களிடம் மாறும் ஆற்றல் இல்லை எனல் வரலாற்றை அறியாதோர் கூற்று. மேலும், தம் நிலையை உயர்த்தும் மாற்றத்துக்காக அவர்கள் போராடியுமுள்ளனர். 1984இல் வேலைநிறுத்தத்தின் பின் ஆண், பெண் இருபாலாருக்கும் சம சம்பளம் கிடைத்தமை இதற்குச் சான்று.

இவ்விடத்தில் இறப்பர் மரமே ஒரு பாடம் புகட்டுகின்றது. முதிர்ந்த இறப்பர் மரங்களை வெட்டி உயர்விளைவு தரும் புதிய இனங்களை நடுதல் நன்று என்பதை உடைமையாளர் அறிந்தேயிருந்தனர். ஆயினும் பலர் தயங்கினர். புதிய கன்று பால் தர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் செல்லும். அதுவரை வருமானம் இல்லை. இத்தயக்கத்தைப் பிற்போக்கு என எவரும் பழிக்கவில்லை. அது நியாயமான அச்சம் என ஏற்றுக்கொண்ட அரசு 1953இல் மீள்நடுகை மானியத் திட்டத்தை ஏற்படுத்தியது. அதாவது, மாறுவதற்குக் காலம் தேவை, அக்காலத்தைக் கடக்க ஆதாரம் தேவை என்னும் உண்மை மரத்தின் பொருட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. அம்மரத்தில் பால் வெட்டிய கைகளின் பொருட்டு அதே உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டதா? உடைமையாளனின் தயக்கம் அச்சம் எனவும் தொழிலாளியின் தயக்கம் பிடிவாதம் எனவும் பெயர்பெறுவது எந்த நீதியின்பாற்பட்டது?

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். தேயிலையின் விலையைக் கம்பனி தீர்மானிப்பதில்லை. கொழும்பு ஏலமும் உலகச் சந்தையுமே தீர்மானிக்கின்றன. செடிகள் முதுமையடைந்துள்ளன. இந்நிலையில் பாதுகாப்பை மிகுதியாக அளித்தால் உழைப்பில் ஊக்கம் குன்றும். தோட்டமே மூடப்படின் எவருக்கும் பயனில்லை. இவ்வாதத்தின் முற்பகுதி ஏற்கத்தக்கது. தோட்டம் நிலைக்க மாற்றம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பிற்பகுதியோ அனுபவத்துடன் முரண்படுகின்றது. மானியம் பெற்ற உடைமையாளர் சோம்பியிருக்கவில்லை, கன்று நட்டனர். நிலைத்த தரையில் நிற்பவனே காலை எடுத்து முன்வைக்கத் துணிவான். சறுக்கும் தரையில் நிற்பவன் நின்ற இடத்தையே இறுகப் பற்றுவான்.

இந்நோக்கில் வருமானப் பங்கீட்டு முறையை மதிப்பிடலாம். ஒரு குடும்பத்திடம் குறித்த தொகைச் செடிகள் ஒப்படைக்கப்பட்டு, கொழுந்து கம்பனியின் தொழிற்சாலைக்கே வழங்கப்பட்டு, செலவுகள் கழிக்கப்பட்டபின் எஞ்சியது அக்குடும்பத்தைச் சேருவது இதன் பொது அமைப்பாகும். மலையைத் தானே பேணும் உரிமை கிடைப்பது, மேற்கூறிய ஆய்வின்படி, நலனுக்கு உகந்ததே. இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை இன்று சிறு தோட்ட உடைமையாளரே விளைவிக்கின்றனர் என்பதும் கருதத்தக்கது. ஆயின் அவர்கள் தம் நிலத்தில் நிற்பவர்கள். நிலமும் இன்றி, விலையில் வாக்கும் இன்றி, மழையின் நட்டத்தை மட்டும் பெறுவதாயின் தொழிலாளிக்குக் கிடைத்தது உரிமை அன்று. பிறரது இடரே அவன் தோளுக்கு மாற்றப்பட்டுள்ளது.

ஆகவே மாறுமாறு பிறரைக் கேட்பதற்கு ஓர் உரிமை வேண்டும். அவ்வுரிமை இரண்டு கடமைகளை நிறைவேற்றியோர்க்கே உண்டு. ஒன்று, மாற்றம் பயன்தரும்வரை கூலியும் கூரையும் குறையாவண்ணம் காத்தல். மற்றொன்று, மாற்றத்தின் கணக்கை முன்கூட்டியே திறந்துகாட்டி, அதனை வகுப்பதில் உழைப்போரின் அறிவுக்கும் இடமளித்தல். எந்தச் செடி எத்துணை தாங்கும் என்பதை நாள்தோறும் அதனைத் தொடும் கைகள் அறியும். இவ்விரண்டையும் செய்தபின்னும் ஒருவர் மறுப்பாராயின் அம்மறுப்பை அவரது குணத்தின்மேல் ஏற்றிப் பேசலாம். அதுவரை, தோட்ட மக்களின் தயக்கம் அவர்களைப் பற்றிக் கூறுவதிலும் அவர்கள் உழைக்கும் இடத்தைப் பற்றிக் கூறுவதே மிகுதி. இறப்பர்க் கன்றுக்கு ஆறு ஆண்டு பொறுத்திருக்கக் கற்ற நாடு, பால் வெட்டும் மனிதனுக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் அவ்வளவேனும் பொறுத்தல் கடனாகும்.