பிறர் கண்ணால் காண்பவன்

தான் நேரில் காணாத ஒன்றைத் தன் பெயரால் உலகத்துக்கு உண்மையென்று சொல்ல வேண்டிய நிலை, மனிதனுக்கு வாய்க்கக்கூடிய பொறுப்புகளுள் மிகவும் நுட்பமானது. நீதிபதிக்கு அந்த நிலை உண்டு; ஆனால் சாட்சிகளைக் கூண்டிலேற்றி விசாரிக்கவும், வழக்கை ஒத்திவைக்கவும், தீர்ப்பு எழுதத் தக்க அவகாசம் எடுத்துக்கொள்ளவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. சரித்திராசிரியனுக்கும் அந்த நிலை உண்டு. அவனுக்கோ காலமே துணை நிற்கிறது. மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து நாள்தோறும் வெளிவரும் ஒரு பத்திரிகையின் ஆசிரியனுக்கு இந்த இரண்டு சௌகரியங்களும் இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்தும், சங்கரன்கோவிலிலிருந்தும், திருச்செந்தூரிலிருந்தும் பொழுது சாய்ந்த பிறகு வந்து குவியும் செய்திகளை, அச்சு இயந்திரம் ஓடத் தொடங்குவதற்குள் அவன் படித்து, சிலவற்றை நம்பி, சிலவற்றை நிறுத்திவைத்து, திருத்தி, தலைப்பிட்டுப் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் இத்தொழிலிலேயே என் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவனாதலால், இந்த வேலையின் மனக்கிலேசம் எங்கே வேர்கொண்டிருக்கிறது, அதை ஒருவன் எவ்விதம் சுமக்க வேண்டும் என்ற விசாரம் என்னை விட்டு நீங்கியதில்லை.

பொதுவாக இத்தொழிலின் துன்பத்துக்குக் காலத்தின் நெருக்கடியே காரணம் என்று சொல்லப்படுகிறது. நகரப் பதிப்புக்கு முன்னால் வெளியூர்ப் பதிப்பு முடிய வேண்டும். கட்டுகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் நள்ளிரவுக்குப் பின் புறப்பட வேண்டும். பொழுது விடியுமுன் ஏஜெண்டுகளின் கையில் பத்திரிகை சேர வேண்டும். இது உண்மையே. ஆயினும் காலம் வெளிப்படையாக நிற்கும் எதிரி. அதனோடு மல்லுக்கு நிற்கச் சில ஆண்டுகளில் எவரும் பழகிக்கொள்ளலாம். பழக்கத்தால் தணியாத துன்பம் ஒன்று அதற்கும் அடியில் இருக்கிறது. கண்டவன் ஒருவன், சொல்பவன் இன்னொருவன், பொறுப்பேற்பவன் வேறொருவன் என்னும் அமைப்பிலிருந்து பிறக்கும் துன்பம் அது.

பத்திரிகையின் ஒவ்வொரு பிரதியிலும் ஆசிரியரின் பெயர் தெளிவாக அச்சிடப்பட வேண்டும் என்பது, 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டத்தில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டு, 2024-இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை நிலவிய விதி. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் அந்த ஒரு வரியை வாசகர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. நீதிமன்றமோ முதலில் பார்ப்பது அதைத்தான். எழுதிய கையைக் காட்டிலும் பதிவான பெயரையே சட்டம் எளிதாகப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு நம் தேசத்துச் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1908-இல் ‘இந்தியா’ பத்திரிகையின் மீது ராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டபோது, அதன் எழுத்துக்கு உயிராயிருந்த பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றுவிட, சர்க்கார் ஏட்டில் பெயர் பதிவாகியிருந்த சீனிவாசன் என்பவரே தண்டனையை ஏற்க நேர்ந்தது. இக்காலத்தில் ராஜத்துரோகம் மாவட்டப் பத்திரிகைகளின் அன்றாடக் கவலை அன்று. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவாக நெடுங்காலம் இருந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாகத் தொடரும் அவதூறுச் சட்டம், எந்தச் சின்னஞ்சிறு ஊர்ச் செய்தியின் பின்னாலும் நின்றுகொண்டிருக்கிறது.

உள்ளூர்ப் பத்திரிகையில் இந்தப் பொறுப்பு இன்னும் கூர்மையடைகிறது. தலைநகரத்து நாளிதழில் ஒரு மந்திரியைப் பற்றித் தவறாக எழுதினால், மந்திரியின் காரியதரிசியிடமிருந்து மறுப்பு வரும். மறுநாள் அது வெளியாகும். அத்துடன் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். சிற்றூர் ஒன்றில் கூட்டுறவுச் சங்கக் காரியதரிசியைப் பற்றியோ, பள்ளிக்கூடத்து ஆசிரியரைப் பற்றியோ ஒரு வரி பிசகினால், அந்த மனிதர் மறுநாள் காலை டீக்கடைக்கும், கோயிலுக்கும், தம் பெண்ணுக்கு வரன் பேச வருபவர்கள் முன்னிலைக்கும் அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று எழுதிவிடுவது எழுதுகிறவனுக்குச் சில எழுத்துகளின் வேற்றுமை. எழுதப்பட்டவனுக்கோ ஆயுள் முழுவதும் அழியாத மாசு. ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்டவர் இருவர் இருப்பது நம் பக்கத்தில் அபூர்வமன்று. தகப்பனார் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டு எழுதாத ஒரு கைதுச் செய்தி, குற்றமற்ற ஒரு குடும்பத்தின் வாசலில் கூட்டத்தைக் கூட்டிவிடும்.

பெரிய செய்திகளில்தான் இந்த அபாயம் உண்டென்று நினைப்பதும் பிழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் அன்றன்றைய நீர்மட்டத்தை எங்கள் பக்கத்துப் பத்திரிகைகள் சிறிய கட்டம் கட்டி வெளியிடுவது வழக்கம். பாபநாசத்தின் முழு நீர்மட்டம் 143 அடி. மணிமுத்தாற்றின் அளவு 118 அடி. நகரவாசியின் பார்வை அந்தக் கட்டத்தில் நிலைப்பதில்லை. ஆனால் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா, பிசானத்துக்குத் தண்ணீர் தாங்குமா என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தாமிரபரணிக் கரை விவசாயி முதலில் திருப்பிப் பார்ப்பது அதையே. ஓர் இலக்கம் இடம் மாறி அச்சானால், மந்திரி சபை மாற்றத்தைத் தவறாகப் போட்டதைவிட அதிகத் தீங்கு அவனுக்கு விளையக்கூடும். ஆகையால், எந்தச் செய்தியில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், எதில் அயரலாம் என்ற பாகுபாட்டுக்கே இத்தொழிலில் இடமில்லை. இடையறாத இந்த விழிப்புத்தான் உள்ளூர்ப் பத்திரிகாசிரியனின் நரம்புகளைத் தளர்த்துவது.

இனி, அவன் எவருடைய கண்களை நம்பிப் பிழைக்கிறானோ அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாலுகா நிருபர் என்பவர் பெரும்பாலும் பத்திரிகையையே ஜீவனோபாயமாகக் கொண்டவர் அல்லர். அவர் ஒரு ஸ்டூடியோ வைத்திருப்பார். அல்லது இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருப்பார். அல்லது தகப்பனாரின் மளிகைக் கடையில் பாதி நாள் உட்காருவார். நான்கு வாரங்களில் 144 மணி நேரத்துக்கு மேல் பத்திரிகையாளரிடம் வேலை வாங்கலாகாது என்று 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வகுத்தது. ஆனால் பத்திரிகைத் தொழிலைப் பிரதான ஜீவனமாகக் கொண்டவர்களுக்கே அந்தச் சட்டம் நிழல் தந்ததால், இவர்களில் அநேகர் அதற்கு வெளியிலேயே நின்றார்கள். செய்தி அனுப்புகிற நிருபரிடமே விளம்பரமும் சேகரித்துத் தரும்படி எதிர்பார்க்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. பொங்கலுக்கு யாரிடம் விளம்பரம் கேட்டாரோ அவரைப் பற்றியே தை முடிவதற்குள் எழுதவேண்டி வரலாம். எழுதிய பின் அவர் ஓடி ஒளிய வேறு ஊர் கிடையாது. யாரைப் பற்றி எழுதினாரோ அவருடைய தெருவிலேயே குடியிருந்து, அவருடைய வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார வேண்டியவர் அவர். மின்விசிறிக்கடியில் அமர்ந்து, “இன்னும் காரமாக எழுதியிருக்கலாமே” என்று சொல்லும் ஆசிரியன், அந்தக் காரத்தை அனுபவிக்கப் போகிறவர் யார் என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது.

இத்தகைய மனிதர்களை நடத்திச் செல்வதில் ஆசிரியர்கள் வழிதவறும் மார்க்கங்கள் இரண்டு. தன் அச்சத்தையெல்லாம் கோபமாக மாற்றி நிருபர்கள் மீது இறக்கிவைப்பது ஒன்று. போட்டிப் பத்திரிகையில் வந்த செய்தி நம்மிடம் ஏன் வரவில்லை என்று விடிந்ததும் விடியாததுமாகத் தொலைபேசியில் அதட்டுவது, பலர் முன்னிலையில் ஒருவனுடைய எழுத்தைக் கேவலமாகப் பேசுவது, பிழை ஒன்று நேர்ந்தால் அதன் வரலாற்றை ஆராயாமல் ஆளைத் தண்டிப்பது முதலியவை இந்த வகை. எது வந்தாலும் வரட்டும் என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, “நிருபர் கொடுத்தார், போட்டோம்” என்று கைகழுவுவது மற்றொன்று. முன்னது நிருபரைக் கெடுக்கிறது. பின்னது வாசகரைக் கெடுக்கிறது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து தோன்றுபவை என்பது என் துணிபு. தனக்கு உரிய கவலையைத் தானே சுமக்க மனமில்லாதவன், அதைக் கீழே உள்ளவன் தலையில் எறிகிறான். அல்லது கீழே போட்டுவிட்டு நடக்கிறான்.

என் இளமையில் நான் வேலை பழகிய பெரியவர் ஒருவர் இந்த இரண்டு மார்க்கங்களிலும் செல்லாதவராக இருந்தார். இரவில் நிருபர் தொலைபேசியில் வந்ததும், செய்தி முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்வார். பிறகு, “இதிலே நீங்க கண்ணால பார்த்தது எது, தம்பி? பிறத்தியார் சொல்லிக் கேட்டது எது?” என்பார். “போலீஸ்காரங்க சொன்னதுதான், ஐயா, நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டுது” என்று பதில் வரும். “நல்லது. போலீஸ் சொன்னதுன்னே எழுதிருவோம். ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டு மறுபடி கூப்பிடுங்க, அந்த இடத்தைக் காலியா வச்சிருக்கேன்” என்று சொல்லி வைத்துவிடுவார். அந்தக் குரலில் சந்தேகமும் இருக்காது, அலட்சியமும் இருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன நிருபர், அன்றிரவு தம் மதிப்பு ஒருபடி உயர்ந்ததாகவே உணர்ந்திருப்பார்.

அந்த வழக்கத்தின் உட்பொருள் பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்கு முழுமையாக விளங்கிற்று. ஒரு பஸ் விபத்து நிகழ்ந்தால் இறந்தவர் தொகை போலீஸ் கணக்கில் ஒன்றாகவும், ஆஸ்பத்திரிக் கணக்கில் ஒன்றாகவும், ஊரார் பேச்சில் மற்றொன்றாகவும் இருப்பது சகஜம். ஆசிரியனிடம் அஞ்சி நடுங்கும் நிருபர், இந்த முரண்பாட்டைச் சொன்னால் தம்மைத் திறமையற்றவர் என்று கருதுவாரோ என்று பயந்து, ஏதேனும் ஒரு தொகையை உறுதிபடச் சொல்லிவிடுவார். சந்தேகம் அவர் நெஞ்சிலேயே தங்கிவிடும். உறுதி மாத்திரம் அச்சாகும். ஆக, அதட்டுகிற ஆசிரியனுக்குத் தன் பத்திரிகையில் உள்ள பலவீனங்கள் தெரிய வழியே இல்லாமற் போகிறது; தெரிந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வாய் மூடி நின்றிருப்பார்கள். அச்சம் என்பது மேலிருந்து கீழே தானே இறங்கிவிடும். உண்மையோ கீழிருந்து மேலே ஏறிவர வேண்டியது. முன்னது இறங்கும் பாதையில் பின்னது ஏறி வருவதில்லை. ஒரு பத்திரிகையின் நாணயம் அதன் தலையங்கத்தின் கம்பீரத்தில் இல்லை. மாதம் சொற்பத் தொகை பெறும் ஒரு தாலுகா நிருபர், தம் ஆசிரியரிடம் தயக்கமின்றி, “இது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை” என்று சொல்லக்கூடிய சுதந்திரத்தில் இருக்கிறது.

இங்ஙனம் இளகி நடந்தால் சோம்பல் வளருமே, பொய்யனும் மெய்யனும் ஒன்றாகி விடுவார்களே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அவசரத்தில் நேர்ந்த பிழை வேறு, ஆதாயம் கருதிச் செய்த புரட்டு வேறு. பணம் பெற்றுக்கொண்டு செய்தியை அழுத்திய நிருபரையும், போகாத கூட்டத்துக்குப் போனதாக எழுதியவரையும் ஒரு நாளும் மன்னிக்கலாகாது. அங்கே தயை காட்டுவது நேர்மையாக உழைக்கும் மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் அந்தக் கண்டிப்புக்குக் கூச்சல் தேவையில்லை. திறமையும் கூச்சலால் வளர்வதன்று. 1904-இல், மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராயிருந்த இளைஞர் பாரதியாரை, ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ காரியாலயத்தில் உதவியாசிரியராக அமர்த்திக்கொண்டார். ஆங்கிலத்தில் வந்து குவிந்த உலகச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்கும் உழைப்பில்தான் அந்த மகாகவி பத்திரிகைத் தொழிலைக் கற்றார். பயிற்சி என்பது நாள்தவறாமல் பக்கத்திலிருந்து தரப்பட வேண்டிய ஒன்று. அதைத் தருவதற்குப் பொழுதில்லை என்று சொல்லும் ஆசிரியனுக்கு, பிழை நேர்ந்த பின் கோபிப்பதற்கு மட்டும் பொழுது எங்கிருந்து வருகிறது?

ஆசிரியன் தனக்கென வைத்துக்கொள்ள வேண்டிய கவலைகளும் சில உண்டு. விளம்பரம் தருபவரின் மனக்குறை, செல்வாக்குள்ளவரின் தொலைபேசி, முதலாளியின் முகச்சுளிப்பு ஆகியவை நிருபரின் செவிக்கு எட்டாமல் தன் மேஜையோடு நின்றுவிடும்படி அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். நிருபர் எழுதியது சரியென்று தேர்ந்து வெளியிட்ட பிறகு, எதிர்ப்பு வருமானால் முன்னால் நிற்க வேண்டியவன் அவனே. தவறென்று தெரிந்தால், மூலையில் ஒளித்து வைக்காமல், செய்தி வந்த இடத்துக்குச் சமமான இடத்திலேயே திருத்தத்தை வெளியிட வேண்டும். அதில் நிருபரைச் சுட்டாமல் பத்திரிகையின் பெயராலேயே வருத்தம் தெரிவிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின், அச்சேறிப் போய்விட்ட பிரதியை எண்ணி இரவெல்லாம் புரள்வதில் எவருக்கும் நன்மையில்லை. அச்சேறும் முன்பு கொள்ளும் கவலை கடமையைச் சேர்ந்தது. அச்சேறிய பின்பும் பரிகாரம் தேடாமல் நீடிக்கும் கவலையில் பெரும்பகுதி, நம் பெயர் என்னாகுமோ என்ற அபிமானத்தைச் சேர்ந்தது.

இது பத்திரிகைத் தொழிலுக்கு மட்டும் உரிய தர்மமன்று. ஆஸ்பத்திரியை நிர்வகிப்பவர், பள்ளிக்கூடத்தை நடத்துபவர், குடும்பத் தலைவர் முதலான அனைவரும் ஓரளவுக்குப் பிறர் கண்ணால் கண்டு, தம் பெயரால் பொறுப்பேற்பவர்களே. அவர்கள் எல்லோருக்கும் கவலை இருக்கத்தான் செய்யும். கவலையற்ற பொறுப்பு என்று ஒன்று உலகத்தில் இல்லை. அந்தக் கவலை தம்மைச் சார்ந்தவர்களின் வாயை அடைக்கிறதா, திறக்கச் செய்கிறதா என்பதை மட்டும் அவர்கள் நாள்தோறும் சோதித்துக்கொள்வார்களாக. இன்று என்னிடம் எத்தனை பேர் தங்கள் சந்தேகத்தைத் துணிந்து சொன்னார்கள் என்று கணக்குப் பார்க்கிற தலைவனுக்கு, யாரும் சொல்லாத நாள்தான் அபாயமான நாள் என்பது விளங்கும். கீழே உழைப்பவர்களின் அச்சத்தைப் போக்குவது கருணையின் பொருட்டு மட்டும் செய்ய வேண்டிய காரியமன்று. உண்மையை அறிய விரும்புகிற ஒருவன் முதலில் செய்ய வேண்டிய காரியமும் அதுவே.