பிலோமினா கொடுத்த மன்னிப்பு

ஸ்டீபன் ஃப்ரியர்ஸின் ‘பிலோமினா’ (2013) உண்மைக் கதையைத் தழுவிய படம். ஓர் இளைஞனை நம்பிக் கருவுற்ற அயர்லாந்துப் பெண்ணைக் குடும்பம் கைகழுவுகிறது. ராஸ்க்ரே ஊரின் கன்னியர் மடத்தில் 1952இல் அவளுக்கு மகன் பிறக்கிறான். அங்கேயே சலவைக்கூடத்தில் உழைக்கிறாள். 1955இல் மடத்தார் மகனை அமெரிக்கத் தம்பதிக்குத் தத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெண், பிலோமினா லீ, இதை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிற்பாடு பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

மனசாட்சி உறுத்தவேண்டுமானால் யாருக்காவது தீங்கு நேர்ந்திருக்க வேண்டும். அந்தக் காதலில் அவள் யாருக்குத் தீங்கு செய்தாள்? சாவான பாவம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், பிள்ளை பறிபோனதையே தனக்குரிய தண்டனையாக ஏற்றுக்கொண்டாள். பறித்தவர்களின் ரகசியத்தையும் அவளே காத்தாள். கற்பிக்கப்பட்ட குற்றவுணர்வு செய்யும் பெருங்கேடு இது. அந்த இளைஞனை ஒருவரும் தேடவில்லை.

படத்தின் இறுதியில் முதிய அருட்சகோதரி ஹில்டகார்ட், பட்ட துன்பமெல்லாம் பாவத்தின் பலன் என்கிறார். பிலோமினா அவரை மன்னிக்கிறாள். மகனைத் தேட உடன் வந்த பத்திரிகையாளர் மார்ட்டினால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் நிஜ ஹில்டகார்ட் 1995இலேயே காலமானவர். மார்ட்டின் சிக்ஸ்மித் பிலோமினாவைச் சந்தித்ததோ 2004இல். மறுத்துப் பேச முடியாத ஒருவரின் பெயரில் இத்தனை கடுமையான சொற்களை ஏற்றியது படத்தின் அறக்குறைதான். எவரும் கேட்காமலே மன்னிப்பதுதான் அவள் பெருமை என்றால், எதிரே ஆள் இல்லாமலும் அது விளங்கியிருக்கும்.

இதைவிடக் கவலை தருவது பார்வையாளரின் நிம்மதி. பாதிக்கப்பட்டவளே மன்னித்துவிட்டாள், இனி என்ன என்று எழுந்து போய்விடலாம். அவள் மன்னிப்பு அவளுக்கு நேர்ந்ததற்கு மட்டுமே செல்லும். மற்றத் தாய்மார்களின் சார்பில் மன்னிக்க அவளுக்கும் உரிமையில்லை. அயர்லாந்து அரசு அமைத்த ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மணமாகாத தாய்மார்களை வைத்திருந்த, அது ஆராய்ந்த 18 இல்லங்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருந்தனர். அந்த அறிக்கையோ அப்பெண்கள் பட்ட கொடுமைக்கான முதன்மைப் பொறுப்பைக் குழந்தைகளின் தந்தையர்மீதும் பெண்களின் குடும்பங்கள்மீதும் சுமத்தியது. குடும்பங்கள் கைவிட்டது மெய்தான். ஆனால் மகளைக் கைவிடும் அளவுக்கு ஒரு குடும்பத்தை அஞ்ச வைத்தது எது?

மன்னித்த பிலோமினாவும் அத்துடன் நின்றுவிடவில்லை. 2014இல் மகள் ஜேனுடன் சேர்ந்து, தத்துக்கோப்புகளைத் திறக்கக் கோரும் இயக்கத்தைத் தொடங்கினாள். அயர்லாந்தில் தத்துப்போனவர்கள் தங்கள் பிறப்புச் சான்றிதழைப் பெறும் உரிமை 2022இல் சட்டமாயிற்று.