உப்பு யார் கணக்கில்?

கோயமுத்தூரில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால், ஹால் எத்தனை அடி என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி ஒன்று உண்டு. ‘நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?’ நல்ல தண்ணி என்றால் சிறுவாணி அல்லது பில்லூர். உப்புத் தண்ணி என்றால் போர். சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலாவது எது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

உப்புத் தண்ணி என்கிறோமே தவிர, அதில் இருப்பது வெறும் சமையல் உப்பு இல்லை. கால்சியமும் மக்னீசியமும்தான் முக்கியப் புள்ளிகள். மழையாக விழும்போது தண்ணீர் சாதுவானதுதான். பாறை இடுக்குகளில் வருஷக்கணக்கில் தங்கி, அகப்பட்டதையெல்லாம் கரைத்துக்கொண்டு ‘கடினநீர்’ ஆகிவிடுகிறது. அப்புறம் சோப்பு நுரைக்காது. ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு கட்டும். துவரம்பருப்பு ஐந்து விசிலுக்கும் அசையாது. முடி கொட்டுவதையும் இதன் தலையில்தான் கட்டுகிறோம். கடினத்தன்மையால் உடம்புக்குக் கெடுதல் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பருப்பு வேகாததற்கு மட்டும் எல்லார் வீட்டிலும் ஆதாரம் இருக்கிறது.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ‘வேறு வழியே இல்லாவிட்டால்’ என்பதற்குள் பல ஊர்கள் குடியிருக்கின்றன.

வழியில்லாதவர்கள் கண்டுபிடித்த வழி, ஆர்.ஓ. மெஷின். இங்கேதான் எனக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. வீட்டு ஆர்.ஓ. மூன்று லிட்டரை இழுத்து ஒரு லிட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். இழுத்த தண்ணீரில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புகள். மூன்று லிட்டரில் 3000. உங்கள் டம்ளரில் அநேகமாக ஒன்றும் இல்லை. அப்படியானால் மிச்ச இரண்டு லிட்டரில் தலா 1500. சிங்க்குக்குக் கீழே ஓடுகிற அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாகவோ, சாக்கடை இல்லாத பேட்டைகளில் நேராகவோ மறுபடி மண்ணுக்குத்தான் போகிறது. மெஷின் உப்பை அழிப்பதில்லை, விலாசம் மாற்றுகிறது.

கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வே கூடாது என்று தடைபோடச் சொல்லி, 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சரி, 1500 இருக்கிற தெருவில்? கைக்குழந்தைக்காக மெஷின் வாங்கும் அம்மாவைச் சுயநலக்காரி என்று யாராவது சொல்ல முடியுமா? நான் சொல்ல மாட்டேன். சங்கடமே அதுதான். தெருவில் ஒவ்வொருவர் செய்வதும் நியாயம். கூட்டிப் பார்த்தால் அநியாயம்.

1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதைப் பற்றி ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். பொதுவில் கிடப்பதை ஆளாளுக்கு எடுத்து நாசம் செய்துவிடுவார்கள். அரசாங்கம் அதட்ட வேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. படித்தவுடன் ‘கரெக்ட்தானே?’ என்று தோன்றும்.

தோன்றாத ஒரு பெண்மணி இருந்தார். எலினார் ஆஸ்ட்ரம். அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சியே (1965) உப்புத் தண்ணி பற்றியதுதான். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் கடலோர ஊர்களில் நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சி, கடல் உள்ளே வந்துவிட்டது. பம்பு வைத்திருந்த நகராட்சிகளும் தண்ணீர் கம்பெனிகளும் தொழிற்சாலைகளும் என்ன செய்தார்கள்? சங்கம் வைத்தார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அளந்தார்கள். கோர்ட்டு முன்னால் ஒப்புக்கொண்டு குறைத்தார்கள். கரையோரம் நல்ல தண்ணீரைப் பூமிக்குள் செலுத்திக் கடலுக்கே வேலி போட்டார்கள். மனுஷர்களுக்குப் பேசத் தெரியும், கணக்கு திறந்திருந்தால் விட்டுக்கொடுக்கவும் தெரியும் என்பதை வாழ்நாள் முழுக்க எழுதி, 2009இல் பொருளாதார நோபல் வாங்கினார். அந்தப் பரிசு பெற்ற முதல் பெண்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. பைப் இன்னும் சுவரில் இருக்கிறது. அது போய் இறங்கும் குழியைக் கடைசியாகத் தூர்வாரியது எப்போது என்று கேட்டால்தான் மௌனம். சாதுவான மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் கீழே இருக்கிற உப்பின் கடுமை குறையும். குறைவது எனக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. அதனால்தான் யாரும் செய்வதில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அசோசியேஷன் மீட்டிங்கில் கார் பார்க்கிங் சண்டை ஓய்ந்ததும் பத்து நிமிஷம் இதைப் பேசலாம். குழியைச் சுத்தம் செய்வது, ஆர்.ஓ. கழிவை வீடு துடைக்கவாவது பிடித்து வைப்பது, போர் தண்ணீரை வருஷத்துக்கு இரண்டு தடவை சோதித்து எண்ணை நோட்டீஸ் போர்டில் எழுதுவது. எழுதின எண்ணுக்கு ஒரு வெட்கம் உண்டு.

மீட்டிங் கூட்டாமலே இன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா தாகம் எடுத்தால் எந்தக் குழாயைத் திறக்கிறார் என்று பாருங்கள். போர் குழாயாக இருந்தால், நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லிவிடுங்கள்.