ஆளிட்டுச் செய்யலாகாத கைங்கர்யம்



நெய்வேலி நகரியத்தில் திருவாய்மொழி ஸேவிக்கும் நாம் பெரும்பாலும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதையொட்டி எழுந்த ஊர் இது. பதவியைப் பார்த்து வட்டம் வட்டமாக வீடு ஒதுக்கினார்களேயன்றிக் குலம் பார்த்துத் தெரு பிரிக்கவில்லை. ஆயினும் ஒரு க்ருஹத்தில் மரணம் நேர்ந்தால் உள்ளே வந்து தோள் கொடுப்பவர் யார், வாசலோடு திரும்புகிறவர் யார் என்று நோக்கினால், நாம் விட்டு வந்த தெருக்கள் நம் நெஞ்சில் அழியாமல் இருப்பது விளங்கும்.

நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில் அவதரித்தவர் ஆளவந்தார். அவர் திருவடிகளை ஆச்ரயித்தவர் இருவரை இங்கு நினைக்கிறோம். ஒருவர் பெரிய நம்பி. உடையவருக்குப் பஞ்சஸம்ஸ்காரம் செய்தருளியவர். மற்றவர் மாறனேரி நம்பி. ஊருக்குப் புறம்பே வைக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளும் காலம் நெருங்கியபோது, ஆசார்யனுக்கே உரியதான தம் திருமேனியைப் பெரிய நம்பியிடம் ஒப்படைத்தார். பெரிய நம்பியும் உயர்ந்த ஸ்ரீவைஷ்ணவர்க்கே உரிய ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரத்தைத் தம் கையாலேயே செய்து முடித்தார்.

திருவரங்கத்துப் பெரியோர் பொறுக்கவில்லை. அவரை விலக்கி வைத்தனர். அவர்கள் நாஸ்திகரல்லர், அருளிச்செயல் அறியாதவருமல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. நித்யம் கோஷ்டியில் நின்றவர்களே அவர்கள்.

உடையவர் பெரிய நம்பியிடம் சென்று, வேறொருவரைக் கொண்டு இதைச் செய்வித்திருக்கலாகாதோ என்று விண்ணப்பித்தார். ஸந்த்யாவந்தனத்தை ஆளிட்டுச் செய்விப்பார் உண்டோ என்பதாக அமைந்தது நம்பியின் மறுமொழி. ஜடாயுவுக்குப் பெருமாள் ஈமக்கடன் செய்தார், விதுரருக்குத் தர்மபுத்ரர் செய்தார். அவர்களிலும் தாம் உயர்ந்தவரோ, அந்தப் பறவையிலும் மாறனேரி நம்பி தாழ்ந்தவரோ என்றும் கேட்டார். அடியார்க்கு அடிமைப்படுவதை ஆழ்வார் 3-7, 8-10 ஆகிய இரு திருவாய்மொழிகளிலும் பாடியிருக்க, அவை வெறும் கடலோசையோ என்பதும் அவர் கேள்வி. உடையவர் அகமகிழ்ந்து திருவடிகளில் விழுந்தார். உலகம் அறியவேண்டியே அவர் கேட்டார் என்பர் பெரியோர்.

நமக்கு இதில் உறைப்பது அந்த முதல் மறுமொழியே. கொள்கையளவில் பாகவதர் அனைவரும் ஸமம் என்று ஒப்புக்கொள்வது எளிது. ஆளனுப்பி மாலை சாற்றுவதும் எளிது. பந்துக்கள் பார்த்திருக்க, நாளை நம் வீட்டுத் திருமணத்துக்கு இவர்கள் வருவார்களோ என்ற அச்சத்தோடு நாமே சென்று நிற்பதன்றோ கடினம்! அடியாரின் பிறப்பை ஆராய்வது அர்ச்சாமூர்த்தி எந்த உலோகத்தால் ஆனது என்று ஆராய்வதிலும் கொடிது என்ற கருத்தைப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் காட்டியருளினார். கோயிலில் அப்படிக் கேட்கக் கூசுகிற நாம், புதிதாகக் கோஷ்டிக்கு வந்தவரிடம் ‘தேவரீருக்குப் பூர்விகம் எது?’ என்று விசாரிக்கக் கூசுகிறோமில்லை. ஊர்ப்பெயர் அறிவதற்காகவா அந்தக் கேள்வி?

பெரிய நம்பி பின்னர்ச் சோழன் ஸபையில், நூறு பிராயம் கடந்த நிலையில், திருக்கண்களை இழந்தார். கூரத்தாழ்வானும் மகள் அத்துழாயும் உடனிருக்க, திருவரங்கம் திரும்பும் வழியிலேயே தளர்ந்தார். இன்னும் சற்றுத் தூரம் எழுந்தருளலாமே என்று ஆழ்வான் வேண்ட, அவர் இசையவில்லை. திருவரங்கம் சென்று சேர்ந்தாலன்றிப் பேறு இல்லை என்று பின்புள்ளார் எண்ணிவிடுவர் என்று சொல்லி, ஆழ்வான் மடியில் திருமுடி சாய்த்து, அவ்விடத்திலேயே திருநாடு எய்தினார்.